மனத்துக்கும் ஒரு வெள்ளைக்கொடி

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

பரிசளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்கே மனப்பாடம். நன்றாகப் படியுங்கள், பல்கலைக்கழகம் போங்கள், பெற்றோருக்குப் பெருமை தேடித் தாருங்கள் என்பார்கள். நானும் அதையேதான் சொல்வேன். ஆனால், பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளைக்கு அங்கே ஒரு கஷ்டம் வந்தால் அவன் என்ன செய்ய வேண்டும் என்று இந்த மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நான் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் நம் பிள்ளைகள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன். பார்த்ததைச் சொன்னால் இங்குள்ள பெற்றோருக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் அந்த நாள்களைச் சற்றே நினைவுபடுத்திக் கொள்வோம். 2020ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி அறிவித்தார். 18ஆம் தேதி முதல் நாடு முழுவதும் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. இடையில் கிடைத்தது ஒரே ஒரு நாள். பஸ் நிலையங்களில் மாணவர் கூட்டம் பெட்டியும் கையுமாக அலைமோதியது. டிக்கெட் கிடைத்தவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் விடுதியிலேயே தங்கிவிட்டார்கள். "ரெண்டு வாரந்தானே, இருந்துட்டுப் போகலாம்" என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இரண்டு வாரம் நான்கானது; நான்கு ஆறானது. விடுதியில் இருந்த பிள்ளைகளைக் கட்டம் கட்டமாக வீட்டுக்கு அனுப்பி வைக்கத் தொடங்கியது ஏப்ரல் மாத இறுதியில்தான்.

ஏப்ரல் 14ஆம் தேதி சித்திரைப் புத்தாண்டு. நம் வீடுகளில் வழக்கம்போல் மாவிலைத் தோரணம் கட்டினோம். ஆனால் எத்தனையோ பிள்ளைகள் அன்று விடுதி அறையில் பொட்டலச் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, கைப்பேசித் திரையில் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து அறைக்குப் போக அனுமதி இல்லை. விளையாட்டுத் திடல் இல்லை; கோயில் இல்லை; கடைத்தெரு இல்லை. நான்கு சுவரும் ஒரு மின்விசிறியுந்தான் துணை.

வீட்டுக்கு வந்தவர்களுக்கு மட்டும் சுகமா என்றால், அதுவும் இல்லை. 2020 மே மாத இறுதியில் உயர்கல்வி அமைச்சு ஓர் அறிவிப்புச் செய்தது. அவ்வாண்டு டிசம்பர் 31 வரை பல்கலைக்கழகப் பாடங்கள், ஒரு சில பிரிவினரைத் தவிர, இயங்கலையில்தான் நடக்கும் என்றது. அதாவது வீடே வகுப்பறை. தாமான் வீட்டில் தனி அறை வைத்திருக்கிற பிள்ளைக்குச் சரி. இரண்டு அறை அடுக்குமாடி வீட்டில் ஆறு பேர் இருந்தால் என்ன ஆவது? தம்பிக்கும் அதே நேரத்தில் வகுப்பு, தங்கைக்கும் அதே நேரத்தில் வகுப்பு; வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு நல்ல கைப்பேசி. பின்னால் குக்கர் விசில், பக்கத்தில் குழந்தை அழுகை. "கேமராவைத் திறந்து வையுங்கள்" என்று விரிவுரையாளர் சொல்வார். திறந்தால் வீட்டின் நிலைமை வகுப்புக்கே தெரிந்துவிடும். எத்தனை மாணவர்கள் அதற்குக் கூச்சப்பட்டுக் கேமராவை மூடியே வைத்திருந்தார்கள் என்பது பாடம் நடத்திய எங்களுக்குத் தெரியும்.

தோட்டப்புறங்களில் இணையம் கிடைக்காத இடங்கள் உண்டு. மோட்டார் சைக்கிளில் மேட்டுக்குப் போய், செம்பனை மரத்தடியில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள் நம் பிள்ளைகள். இது நம் இனத்துக்கு மட்டும் வந்த சோதனையும் அன்று. 2020 ஜூன் மாதம் சபா மாநிலம் பித்தாஸ் பகுதியில் ஒரு மாணவி தேர்வு எழுத இணையம் தேடி மரத்தில் ஏறி, இரவெல்லாம் அங்கேயே தங்கிய செய்தியை நாடே பார்த்தது. மழையும் வெயிலும் எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான்.

இவை கண்ணுக்குத் தெரிந்த கஷ்டங்கள். கண்ணுக்குத் தெரியாத கஷ்டம் ஒன்று இருந்தது. அதுதான் மனத்தின் கஷ்டம்.

மனம் எப்படித் தளர்கிறது என்பதை விளங்கிக் கொள்வது கடினமன்று. நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. காலை வெளிச்சந்தான் அதற்குச் சாவி கொடுக்கிறது. எழுந்து, குளித்து, பஸ் பிடித்து, நண்பனோடு ஒரு தே தாரிக் குடித்து, வகுப்புக்குப் போய் வரும்போது அந்தக் கடிகாரம் தானாக ஓடும். நாள் முழுக்க அறைக்குள் அடைந்து திரையையே பார்த்திருந்தால் அது குழம்பிப் போகும். இரவு மூன்று மணிக்குத் தூக்கம் வராது. பகல் பதினொரு மணிக்குக் கண் விழிக்காது. தூக்கம் கெட்டால் நினைவு மங்கும். நினைவு மங்கினால் பாடம் ஏறாது. பாடம் ஏறாவிட்டால் பயம் வரும். பயம் வந்தால் மறுபடி தூக்கம் கெடும். செக்கு மாடு போல இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதோடு நிச்சயமின்மையும் சேர்ந்துகொண்டது. தேர்வு எப்போது? தெரியாது. பட்டமளிப்பு உண்டா? தெரியாது. முடித்தால் வேலை கிடைக்குமா? தெரியாது. அப்பாவுக்கு நாள்கூலி, ஆணை வந்ததிலிருந்து வேலைக்குப் போகவில்லை. கல்விக் கடன் வேறு தலைக்கு மேல் நிற்கிறது. "இந்த நேரத்துல நான் படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?" என்ற குற்ற உணர்வு ஒரு பக்கம். நோயில் தாத்தாவையோ பாட்டியையோ இழந்த வீடுகளில் கடைசி முகங்கூடப் பார்க்க முடியாமல் போன துயரம் இன்னொரு பக்கம்.

இது நம் கற்பனை அன்று. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலக அளவில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு கூடின என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. நம் நாட்டில் சுகாதார அமைச்சு எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, 2019இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். 2023இல் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் அது 4.6 விழுக்காடு, ஏறத்தாழ பத்து இலட்சம் பேர். ஆணை நீங்கிற்று, முகக்கவசம் கழன்றது, கடைகள் திறந்தன. ஆனால் மனத்தின் சுமை பலருக்கு இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் இதைப் பழங்கதையாக எண்ணாமல் இன்றைய செய்தியாகப் பேசுகிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவேன். வீட்டாரோடு அவர்கள் பேசுவதும் சில நேரம் காதில் விழும். பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"சாப்பிட்டியாய்யா?"

"சாப்பிட்டேன்ம்மா."

"படிப்பெல்லாம் எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதும்மா."

"ஒன்னும் பிரச்சினை இல்லையே?"

"ஒன்னும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

அந்தப் பிள்ளை அன்று சாப்பிட்டிருக்க மாட்டான். இரண்டு வாரமாக வகுப்புக்கு வந்திருக்க மாட்டான். இருந்தாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பான். ஏன் அப்படிச் சொல்கிறான்? பொய் சொல்லும் பிள்ளையா அவன்? இல்லை. அம்மா மனம் நோகக்கூடாது என்ற பாசந்தான். அதோடு இன்னொரு காரணமும் உண்டு. அது இந்த மேடைக்கு மிக நெருக்கமானது. அதனால் சற்றுக் கவனமாகக் கேளுங்கள்.

நம்மில் பலர் வீடுகளில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைதான் அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. அவன் ஏழு வயதிலிருந்தே பரிசு வாங்கி வந்தவன். அவன் வீட்டுக்குக் கொண்டுவந்ததெல்லாம் கிண்ணமும் சான்றிதழும். ஒவ்வொரு தடவையும் அம்மாவின் முகம் மலர்ந்தது, அக்கம்பக்கத்தார் பாராட்டினார்கள், அப்பா நாலு பேரிடம் காட்டினார். பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொண்டான்: "நல்ல சேதியைத்தான் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும்." கெட்ட சேதியை எப்படிக் கொண்டு போவது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருபது வயதில், பூட்டிய அறைக்குள், முதன்முதலாக ஒரு பாடத்தில் தோற்றபோது அவனுக்கு அதைச் சொல்ல வார்த்தையே இல்லை.

பரிசு கொடுப்பது தவறு என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். உழைத்த பிள்ளைக்குக் கைதட்டு வேண்டும், அது நியாயம். பரிசோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். "நீ தோத்துப் போனாலும் இந்த வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கும்" என்கிற தைரியத்தைக் கொடுங்கள்.

வாய் திறக்க முடியாமல் தடுக்கும் இன்னொரு பூட்டும் நம்மிடையே இருக்கிறது. பேராக்கில் உலு கிந்தாவில் இருக்கும் பகாகியா மருத்துவமனை 1911ஆம் ஆண்டிலிருந்து மனநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து வருகிறது. ஆனால் அதன் பக்கத்து ஊரான தஞ்சோங் ரம்புத்தானின் பெயரை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று கேலி பேசுவதற்கு! காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குப் போகிறோம். பல் வலித்தால் பல் டாக்டரிடம் போகிறோம். மனம் வலித்தால் மட்டும் "பைத்தியம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பிள்ளை, ஆலோசகர் அறையின் கதவைத் தட்டுவானா? வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வருவான்.

2021ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஜூன் முதல் தேதி மறுபடியும் நாடு முழுக்க முழு முடக்கம் வந்தது. வேலை இல்லை, சேமிப்பும் கரைந்துவிட்டது. அப்போது ஓர் இயக்கம் தோன்றியது. "சாப்பாட்டுக்குக் கஷ்டமா? யாரிடமும் கை ஏந்த வேண்டாம். வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள். பார்ப்பவர்கள் உதவுவார்கள்" என்றார்கள். அது மானக்கேடு என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனாலும் கொடிகள் பறந்தன. அரிசியும் முட்டையும் எண்ணெயும் வாசல் தேடி வந்தன. கொண்டு வந்தவர் மலாய்க்காரரா, சீனரா, இந்தியரா என்று யாரும் பார்க்கவில்லை. அந்த வெள்ளைக்கொடி தோல்வியின் கொடி அல்ல. "நான் இங்கே இருக்கிறேன், எனக்கு ஆள் வேண்டும்" என்று சொன்ன கொடி.

அரிசிப் பானை காலியானதற்குக் கொடி இருந்தது. மனம் காலியானதற்கு எந்தக் கொடியைக் கட்டுவது? இதுதான் என் கேள்வி. மனத்துக்கும் ஒரு வெள்ளைக்கொடி வேண்டும். அந்தக் கொடி துணியால் ஆனது அன்று. "எனக்கு முடியலம்மா" என்ற ஒரு வாக்கியந்தான் அது.

அந்தக் கொடியைக் கட்டிய மாணவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எப்படி மீண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. முதலில் ஒரே ஓர் ஆளிடம் வாய் திறந்தார்கள். சிலர் அக்காவிடம், சிலர் அறைத் தோழனிடம், சிலர் விரிவுரையாளரிடம். பிறகு நாளுக்கு ஒரு கட்டுக்கோப்பைக் கொண்டுவந்தார்கள். இரவு எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எழுந்ததும் சன்னலைத் திறந்து வெளிச்சத்தில் நின்றார்கள். விடுதி நடைபாதையிலே, வீட்டு வாசலிலே அரை மணி நேரம் நடந்தார்கள். படுக்கையில் பாடம் கேட்பதை விட்டு, ஒரு மூலையில் பலகையோ பெட்டியோ போட்டு அதைப் படிக்கும் இடமாக்கினார்கள். மலைபோல் குவிந்த பாடத்தை ஒரே நாளில் முடிக்க நினைக்காமல், இன்றைக்கு இரண்டு பக்கம் என்று பிரித்துக்கொண்டார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து, கைப்பேசியில் இணைப்பை வைத்துக்கொண்டு, பேசாமல் ஒன்றாகப் படித்தார்கள். கண்டபடி வந்து குவியும் வாட்சாப் செய்திகளை ஒதுக்கி, நோய் நிலவரத்தை நாளுக்கு ஒரு முறை மட்டும் பார்த்தார்கள்.

அதற்கும் அடங்காத சோர்வு சிலருக்கு இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் நாட்டம் இல்லை, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் விலகவில்லை என்றால், அது சோம்பேறித்தனம் அன்று. அதற்கு வைத்தியம் தேவை. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் ஆலோசனைப் பிரிவுகள் இருக்கின்றன. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவர்கள்தான் நம் நாட்டில் ஆலோசகராகத் தொழில் செய்யலாம். அவர்களிடம் சொன்னது ஊருக்குப் பரவாது. தேவையென்றால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். மருந்து சாப்பிட்டு, படிப்பை ஒரு பருவம் தள்ளிப்போட்டு, பிறகு நல்லபடியாகப் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. ஒரு பருவம் தாமதம் என்பது ஒரு வாழ்க்கைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

உயிரை மாய்த்துக் கொள்ளலாமா என்ற எண்ணம் வரும் அளவுக்கு வேதனை முற்றுவதும் உண்டு. முன்பெல்லாம் அப்படி முயன்று பிழைத்தவரைச் சட்டம் குற்றவாளியாகப் பார்த்தது. அந்தப் பயத்தாலேயே உதவி கேட்காதவர்கள் இருந்தார்கள். 2023இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டப்பிரிவை நீக்கியது. இனி அது போலீசுக்குரிய விஷயமன்று, பரிவுக்குரிய விஷயம். 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கி வரும் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டர்கள் 03-7627 2929 என்ற எண்ணில் காது கொடுத்துக் கேட்கிறார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. மலரைப் படிப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் நாள்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம்; பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தேவைப்படலாம்.

இன்று திருக்குறள் மனனப் போட்டியில் வென்ற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். வள்ளுவர் 63ஆம் அதிகாரத்துக்கு 'இடுக்கண் அழியாமை' என்று பெயர் வைத்தார். துன்பம் வந்தால் கலங்காதே என்று சொல்ல நாம் உடனே அந்த அதிகாரத்தைத்தான் எடுப்போம். நல்லதுதான். ஆனால் அதே வள்ளுவர் 79ஆம் அதிகாரத்தில் தொடங்கி, நட்பைப் பற்றி மட்டும் அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் பாடியிருக்கிறார். மனிதன் தனியாக நின்று எல்லாத் துன்பத்தையும் தாங்கிவிடுவான் என்று அவர் நினைத்திருந்தால், நட்புக்கு அத்தனை இடம் எதற்கு? கலங்காத மனமும் வேண்டும், கை கொடுக்கும் ஆளும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

தாய்மார்களே, தந்தையர்களே! "பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுறாரு, நம்ம பிள்ளை ரெண்டாம் ஆண்டுதானே படிக்குது" என்று நீங்கள் நினைக்கலாம். இருபது வயதில் வாய் திறக்க வேண்டிய பிள்ளைக்கு எட்டு வயதிலேயே அந்தப் பழக்கம் வர வேண்டும். அதற்குக் காசு செலவில்லை. தினமும் "எத்தனை மார்க்கு?" என்று கேட்கிறீர்கள். வாரத்தில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில், "இந்த வாரம் உனக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்றும் கேளுங்கள். பிள்ளை சொன்னால் உடனே திட்டாதீர்கள். உடனே புத்திமதியும் வேண்டாம். "அப்படியா, பிறகு என்ன ஆச்சு?" என்று கேட்டாலே போதும். உங்கள் சொந்தக் கஷ்டத்தில் ஒன்றிரண்டையும் அவன் வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள். அப்பாவுக்கும் வேலையில் தலைவலி வரும், அதையும் சமாளித்து வருகிறார் என்று பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்.

பிள்ளைகள் ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் இருந்தால், "நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதிலோடு தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினே? யாரோட பேசிக்கிட்டிருந்தே? கடைசியா எப்போ வெளியே போனே?" என்று கேளுங்கள். பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். குறிப்பான கேள்விக்குத்தான் உண்மை மெதுவாக வெளியே வரும்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெருந்தொற்றின்போது 2020இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு ரத்தானது, 2021இல் அது அடியோடு நீக்கப்பட்டது. தேர்வுச் சுமை குறைந்த இந்த வேளையில், கேட்க ஆளுள்ள பிள்ளையாக ஒவ்வொரு மாணவனையும் வளர்க்க நேரம் ஒதுக்குங்கள். வகுப்பில் எப்போதும் கலகலப்பாக இருந்தவன் திடீரென்று அமைதியானால், முதலில் அதைக் கவனிப்பது நீங்கள்தான்.

கடைசியாக, மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கியவர்களுக்கு என் வாழ்த்து. கிண்ணத்தை வீட்டில் பத்திரமாக வையுங்கள். பரிசு வாங்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்றைக்கு நீங்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறீர்கள். மனசுக்குள் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். அந்த வருத்தத்தை மறைக்காமல் அம்மாவிடம் சொல்லுங்கள். "எனக்கும் பரிசு கிடைக்கணும்னு ஆசையா இருந்துச்சும்மா" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லத் தெரிந்த பிள்ளை நாளைக்கு எந்த அறையில் அடைபட்டாலும் கதவைத் தட்டி ஆளைக் கூப்பிடுவான். பரிசு வாங்கிய பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.